தொழிலாளியின் வழக்கு எங்கே தோற்கிறது?

பணிநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளிக்குச் சட்ட உதவி என்றவுடன் நினைவுக்கு வருவது நீதிமன்றம். ஆனால் பல வழக்குகளின் முடிவு அதற்கு வெகு முன்பே, ஆலையின் ஓர் அறையில் நடக்கும் உள்விசாரணையில் எழுதப்பட்டுவிடுகிறது. குற்றஞ்சாட்டுவதும், விசாரணை அலுவலரை அமர்த்துவதும், தண்டிப்பதும் நிர்வாகமே. எதிரே தொழிலாளி தனியாக இருக்கிறார்.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971-இல் சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவு, நியாயமற்ற பணிநீக்கத்தை ரத்துசெய்து தொழிலாளியை மீண்டும் பணியில் அமர்த்தும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அளித்தது. தொழிலாளருக்கு அது பெரும் வெற்றி. ஆனால் பதிவில் உள்ளவற்றை மட்டுமே சார்ந்திருக்க வேண்டும், புதிய சாட்சியம் பெறக்கூடாது என்ற நிபந்தனையும் அப்பிரிவிலேயே உண்டு. உள்விசாரணையே முறையற்றது என்று நிறுவினால் நிலைமை மாறும். அதை நிறுவுவதற்கும், அன்றே எழுப்பிய ஆட்சேபம் எழுத்தில் இருப்பதே பெருந்துணை. எந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டார், எந்த ஆவணத்தைக் கேட்டுப் பெறாமல் போனார், எந்தத் தாளில் வாசிக்காமல் கையொப்பமிட்டார் என்பவை பின்னர் எளிதில் திருத்த முடியாத இழப்புகள்.

அந்த இழப்புகளைத் தடுக்க யார் துணை நிற்பது? அதே சட்டத்தின் 36-ஆம் பிரிவு சமரச நடவடிக்கையில் வழக்கறிஞருக்கு இடம் தரவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பின் இசைவும் நீதிமன்றத்தின் அனுமதியும் இருந்தால்தான் அவர் தோன்றலாம். பணபலமுள்ள நிர்வாகம் சட்டநுட்பத்தால் தொழிலாளியைச் சாய்த்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம் இதில் இருந்தது. தொழிலாளியின் குரலாகத் தொழிற்சங்க நிர்வாகி இருப்பார் என்பது அதன் அடிப்படை. சங்கமே இல்லாத இடத்தில் அந்த அடிப்படை சரிகிறது. வேலையளிப்போர் சங்கத்தின் நிர்வாகியாகவோ தொழிற்சங்க நிர்வாகியாகவோ உள்ள வழக்கறிஞருக்கு இத்தடை பொருந்தாது என்று 1976-இல் பாரதீப் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இரு தரப்புக்கும் பொதுவான விதிதான். சங்கமற்ற தொழிலாளிக்கு மட்டும் அதனால் பயனில்லை. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் இவ்வேற்பாடு தொடர்கிறது. பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி நேரடியாக முறையிடுவதற்கான காலவரம்போ மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகச் சுருங்கியிருக்கிறது.

துணையின்மையோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்க்குப் புரியும் மொழியிலும் அறிவிப்புப் பலகையில் வைக்கச் சொன்னது. சிறுபான்மை மொழி பேசும் புலம்பெயர் தொழிலாளிக்கு அப்பலகை ஊமை. மத்திய அரசின் மாதிரி நிலையாணைகள் இந்தி, ஆங்கிலம், மாநில மொழி என்ற மூன்றனுள் ஒன்றில் விசாரணையைப் பதிவுசெய்யும் வாய்ப்பைத் தந்தன. தமிழகத்து ஆலையில் வேலைசெய்யும் ஒடியாத் தொழிலாளிக்கு இம்மூன்றும் அயல்மொழியாகவே இருக்கலாம். அவர் சொன்னது ஒன்று, பதிவானது மற்றொன்று என்றால் அவருக்காக அதைச் சுட்டிக்காட்ட யாருமில்லை.

பாகுபாட்டு வழக்குகளில் இந்தக் குறை இன்னும் கூர்மையானது. சாதிக்காகவோ கருவுற்றதற்காகவோ நீக்குகிறோம் என்று எந்த நிர்வாகமும் ஆணையில் எழுதுவதில்லை. கீழ்ப்படியாமை, ஒழுங்கீனம், திறன்குறைவு என்றே எழுதும். முதல் கருத்தரிப்பிலேயே விமானப் பணிப்பெண்ணின் பணி முடியும் என்ற ஏர் இந்தியாவின் விதியை 1981-இல் நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்க முடிந்தது. அங்கே பாகுபாடு விதியாகவே எழுதப்பட்டிருந்தது. எழுதப்படாத பாகுபாட்டை வெளிக்கொணரக் குறுக்கு விசாரணையே வழி. அதே தவறுக்கு மற்றவருக்கு என்ன தண்டனை, புகார் எழுந்த நாள் எது என்ற கேள்விகள் விசாரணையிலேயே கேட்கப்பட வேண்டும். பயிற்சியற்ற ஒருவர் அவற்றைத் தாமாகக் கேட்பது அரிது.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, இலவச சட்ட உதவி பெறுவோரின் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளியைத் தனியாகவே சேர்த்திருக்கிறது. எனினும் அவ்வுரிமை ‘வழக்கு’ என்ற சொல்லோடு கட்டப்பட்டது. நீதிமன்றமோ தீர்ப்பாயமோ நடத்தும் நடவடிக்கையே அச்சட்டத்தில் வழக்கு. உள்விசாரணை அவ்வரையறைக்குள் எளிதில் அடங்காது. சட்ட ஆலோசனை பெறலாம். உடன் வந்து அமர ஒருவர் கிடைப்பது உறுதியில்லை.

வழக்கறிஞர் நுழைந்தால் செலவும் தாமதமும் பெருகும் என்ற எதிர்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆகவே கதவை இரு தரப்புக்கும் திறந்துவிடுவது தீர்வாகாது. நிர்வாகத்தின் சார்பில் சட்டம் பயின்றவர் நிற்கும்போது ஊழியருக்கு அவ்வாய்ப்பை மறுப்பது இயற்கை நீதிக்கு மாறானது என்று 1982-இல் பம்பாய்த் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அங்கிருந்து ஓரடி முன்னே செல்லலாம்: சங்கமற்ற தொழிலாளிக்கு, அவர் விரும்பினால், சட்டப் பணிகள் ஆணைக்குழு அனுப்பும் ஒருவர் உள்விசாரணையில் துணைநிற்கும் உரிமை, அவருக்குப் புரியும் மொழியில் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் விசாரணைப் பதிவும், குறிப்பாணையின் அடியிலேயே 15100 என்ற இலவச சட்ட உதவி எண். மூன்றுக்கும் புதிய நீதிமன்றங்கள் தேவையில்லை, நிலையாணைகளில் சில வரிகளும் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திருத்தமும் போதும். மேல்முறையீட்டில் எத்தனை திறமையான வழக்கறிஞர் வாதிட்டாலும், முதல் அறையில் எழுதப்படாமல் போன பதிலை அவரால் எழுதித் தர இயலாது.