காசிருந்தும் மின்சாரமில்லை!

பண்டம் கண்முன்னே இருக்க, பணம் கையிலே இருக்க, வாங்குவோன் வாங்க முடியாது வெறுங்கையுடன் திரும்பும் விசித்திர வாணிபம் ஒன்று நமது தெருக்களிலே தோன்றியிருக்கின்றது. மின்சார மோட்டார் வண்டி வைத்திருப்போர் இதனை நன்கறிவர். பொது மின்னேற்று நிலையத்திலே பெட்டி நிற்கின்றது. பெட்டியிலே மின்சாரம் ஓடுகின்றது. வண்டிக்காரரின் சட்டைப்பையிலே காசும் வங்கி அட்டையும் இருக்கின்றன. ஆயினும் ஒரு அலகு மின்சாரந்தானும் அவருக்குக் கிடைக்காது. ஏன்? அந்தப் பெட்டிக்குரிய கொம்பனியின் செயலி அவரது கைத்தொலைபேசியில் இல்லை! அடுத்த ஊர்ப் பெட்டிக்கு வேறொரு கொம்பனி, வேறொரு செயலி, வேறொரு முற்பணம். இதற்குப் பெயர் நவீன வசதியாம்!

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலே மீண்டும் திறந்துவிடப்பட்டது. முன்னர் யப்பானிலிருந்து வந்திறங்கிய பழைய நிசான் லீஃப் வண்டிகளோடு புதிய சீன மின்வண்டிகளும் இப்பொழுது சேர்ந்துகொண்டன. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற மக்கள், எண்ணெய்க் கப்பலை எதிர்பாராத வண்டியொன்றை விரும்பியதில் வியப்பில்லை. வியப்பு எங்கே உளதெனின், எண்ணெய் வரிசையிலிருந்து தப்பியவனைக் கொண்டுபோய்ச் செயலி வரிசையிலே நிறுத்தியதில் உளது.

அண்மையில் வழக்கொன்றின் பொருட்டுக் கொழும்பு செல்லும் வழியில் நாம் நேரிற் கண்டதைச் சொல்லுகின்றோம். கொம்பனியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நோய் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. முதலிற் செயலியை இறக்கவேண்டும். காட்டுப் பாதையோரத்தில் தொலைபேசி அலை வந்துவந்து போயிற்று. இறக்குவதற்கே அரைமணி நேரம். பின்னர் பெயர், விலாசம், மின்னஞ்சல், வண்டி இலக்கம் யாவும் கேட்டார்கள். பெற்றோல் செட்டிலே நமது பாட்டனார் பெயரை யாரேனும் கேட்டதுண்டா? அதன்மேல் ஒருமுறைக் கடவுச்சொல். அதன்மேல் பணப்பையிற் குறைந்தபட்ச முற்பணம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் சென்றுவிட்டது. செயலியின் பணப்பையோ சுழியம் காட்டியது. பெட்டியில் எழுதியிருந்த இலக்கத்தை அழைத்தோம். பதிவு செய்யப்பட்ட குரல் இரண்டு மொழிகளிற் பேசியது. அவ்விரண்டில் ஒன்று தமிழன்று. பத்து நிமிட இசைக்குப் பின் இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

நம்மோடு அங்கே காத்திருந்தவர் நல்லூர்த் திருவிழாவுக்கு இலண்டனிலிருந்து வந்து, மின்வண்டியொன்றை வாடகைக்கு எடுத்தவர். அவரிடம் உலகெங்கும் செல்லுகின்ற வங்கி அட்டை இருந்தது. உள்ளூர்த் தொலைபேசி இலக்கம் இல்லை. ஆகவே அவர் மின்சாரம் வாங்கத் தகுதியற்றவர் என்று பெட்டி தீர்ப்பளித்துவிட்டது. மேன்முறையீட்டுக்கு இடமில்லை!

இந்தப் பணப்பை என்னும் ஏற்பாட்டை வாசகர்கள் சற்று உற்று நோக்கவேண்டும். நமது தேசவழமையிலே ஒற்றி என்றொரு முறை உண்டு. காணியை ஒற்றி பிடித்தவன் வட்டி கேட்பதில்லை. காணியின் விளைவை அனுபவிக்கின்றான். கொடுத்த பணத்துக்கு ஈடாகக் காணியாவது அவன் கையில் இருக்கின்றது. மின்னேற்றுக் கொம்பனிக்கு நாம் கொடுக்கும் முற்பணத்துக்கு ஈடாக நம் கையில் இருப்பது யாது? வட்டியுமில்லை, விளைவுமில்லை, ஈடுமில்லை. முந்நூறு ரூபாவுக்கு மின்சாரம் வேண்டியவன் ஆயிரம் ரூபாவைப் பணப்பையில் இடவேண்டியிருந்தால் மீதி எழுநூறும் அவன் மறுபடி அவ்வழியே வரும்வரை கொம்பனியின் பணமாகவே கிடக்கும். ஒருவனுடையது சிறுதொகை, ஆயிரம் பேருடையது ஏழு இலட்சம். வட்டியில்லாக் கடனை இத்துணை எளிதாக வங்கியிற் பெறமுடியுமா? இக்கொம்பனிகளின் கணக்கப்பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

“அட்டையால் நேரே செலுத்தலாமே” என்பர் சிலர். செலுத்த இடமுள்ள நிலையங்களிலும் ஒரு சங்கடம் உண்டு. எவ்வளவு மின்சாரம் எடுப்பீர்கள் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால் ஒரு பெருந்தொகையை வங்கியிலே தடுத்துவைத்து, ஏற்றி முடிந்தபின் கணக்கைத் தீர்ப்பது இம்முறை. முறை தவறன்று. ஆனால் தடுத்துவைக்கப்படும் தொகையை முன்னரே சொல்லாமலும், மீதியை நாட்கணக்கில் விடுவிக்காமலும் இருப்பது தவறு. மாத இறுதியிலே கணக்கில் ஐயாயிரமே வைத்திருக்கும் ஆசிரியருக்கு அந்தத் தடுப்பு ஒரு சிறு இடரன்று.

சட்டம் என்ன சொல்லுகின்றது? நாணயத்தாள் செல்லுபடியான பணம் ஆதலால் அதனை மறுக்கலாகாது என்று நண்பர் சிலர் நம்மிடம் வாதித்தனர். அவ்வாதம் நில்லாது. செல்லுபடியான பணம் என்பது பட்ட கடனைத் தீர்ப்பதற்கான விதியேயன்றி, விற்கமாட்டேன் என்பவனை விற்கச் செய்யும் விதியன்று. நமக்கு வேறிடத்தில் நல்ல துணை உண்டு. வழிப்போக்கன் விலைகொடுக்க வல்லவனாக வந்துநின்றால் சத்திரக்காரன் தக்க காரணமின்றி அவனை மறுக்கலாகாது என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய கொள்கை. வழியிலே வேறு கதியற்று நிற்பவனிடம் சத்திரக்காரனுக்குள்ள அதிகாரம் சாதாரணக் கடைக்காரனுக்கு இல்லை. அதிகாரம் உள்ளவிடத்திற் கடமையும் உண்டு. மின்கலம் வற்றி நிற்கும் வண்டிக்காரனும் அவ்வழிப்போக்கனே. நடுவழியிலுள்ள ஒரேயொரு பெட்டி அவனுக்குச் சத்திரமே.

இயந்திரத்தோடு செய்யும் ஒப்பந்தம் குறித்தும் நீதிமன்றங்கள் பேசாமலில்லை. வாகனத் தரிப்பிடத்தின் தானியங்கி இயந்திரம் சீட்டைத் தந்த பின்னர் காட்டப்படும் நிபந்தனை வாடிக்கையாளனைக் கட்டாது என்று, தோர்ன்ரன் எதிர் ஷூ லேன் பார்க்கிங் என்னும் 1971ஆம் ஆண்டின் அறிக்கைகளிற் பதிவான வழக்கிலே இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. டெனிங் பிரபு அத்தீர்ப்பை வழங்கியவர்களுள் ஒருவர். இயந்திரத்தோடு எவரும் பேரம் பேச முடியாது என்பதே அதன் உயிர்நிலை. செயலிக்காரர் இதை நன்கு படித்திருக்கின்றனர் போலும்! நாற்பது பக்க நிபந்தனைகளை முன்னதாகவே காட்டி, “ஏற்கின்றேன்” என்ற பொத்தானை அழுத்தச் சொல்லுகின்றனர். மின்கலத்தில் மூன்று வீதம் மீந்திருக்க, நடுவழியில் நின்று நாற்பது பக்கம் படித்தவர் எவர்? நமது நாட்டிலும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் இருக்கின்றது. ஆனால் எண்ணூறு ரூபாவை மீட்பதற்கு நீதிமன்றம் ஏறுவோர் உளரோ? ஏறமாட்டார்கள் என்பதனாலேயே சில்லறைக் கொள்ளை பெருங்கொள்ளையாகின்றது. ஆகையால் உரிமை வழக்கிற் பிறத்தல் போதாது. நிலையம் நடத்த அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனையாக எழுதப்படல் வேண்டும்.

விலையிலும் ஒரு சூது. சில நிலையங்கள் அலகுக்கு இவ்வளவு என்னாது நிமிடத்துக்கு இவ்வளவு என்று அறவிடுகின்றன. ஒரு மணி நேரத்தில் ஐம்பது அலகு உள்வாங்கும் புதுவண்டியும் இருபதே அலகு உள்வாங்கும் பழைய வண்டியும் ஒரே மணிக்கு ஒரே காசு கொடுத்தால், பழைய வண்டிக்காரன் ஒரு அலகுக்கு இரண்டரை மடங்கு விலை கொடுக்கின்றான். மின்கலம் நிறைய நிறைய அது வாங்கும் வேகமும் குறையும் என்பதை இதனோடு சேர்த்துக்கொள்க. வறியவனிடத்தே அதிகம் வாங்கும் தராசு இது. வெங்காயத்தை நிறையால் விற்காது, தராசிலே கிடந்த நேரத்தால் விற்றால் திருநெல்வேலிச் சந்தையிலே என்ன நடக்கும்?

“இது வண்டி வைத்திருக்கும் செல்வர் விவகாரம், தோட்டக்காரனுக்கு இதில் என்ன?” என்று கேட்பார் உளர். அவர்களுக்கு மறுமொழி சொல்லியாகவேண்டும். மின்சார முச்சக்கர வண்டி ஏற்கெனவே வந்துவிட்டது. நாட்கூலிபோல் நாளாந்த ஓட்டத்தில் வாழ்பவனே அதனை ஓட்டுகின்றான். அவனுக்கு ஆயிரம் ரூபா முற்பணம் ஒரு நாளின் அரிசி. தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டு செல்லும் லொறியும் ஒருநாள் மின்சாரத்தில் ஓடும். அப்போது ஏற்றுக்கூலியிலே இச்சூதெல்லாம் வந்து சேரும். பொருளாதாரத் தடைக்காலத்திலே மண்ணெண்ணெயில் மோட்டார் ஓட்டிப் பழகிய யாழ்ப்பாணத்தானுக்கு, எரிபொருளின் வாசலைக் காப்பவன் எத்துணை வலியவன் என்பதைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசல் கட்டப்படும்போதே அதன் அகலத்தைப் பேசுவோம். கட்டியபின் இடிப்பது கடினம்.

அட்டை வாங்கும் கருவிக்குச் செலவு அதிகம், வெளியில் வைத்தாற் கெட்டுவிடும் என்பது கொம்பனிகளின் ஆட்சேபம். இதில் ஓரளவு உண்மையுண்டு. சிறிய பெட்டிகளுக்கு அச்செலவு பாரந்தான். ஆனால் நமது மத்திய வங்கி 2018ஆம் ஆண்டிலேயே கியூஆர் குறியீட்டுக்குத் தேசிய தரநிலையை வகுத்துவிட்டது. எந்த வங்கியின் செயலியிலிருந்தும் ஒரே லங்காகியூஆர் குறியீட்டுக்குப் பணம் செலுத்தலாம். பெட்டிக்கடைக்காரர் மேசையிலே ஒட்டியிருக்கும் இதனைக் கோடி ரூபாக் கொம்பனி ஒட்டமுடியாதா? ஒன்று மட்டும் எச்சரிக்கின்றோம். பிரித்தானியாவிலே திருடர் மின்னேற்றிகளின் மீது தம் போலிக் குறியீட்டை ஒட்டிப் பணம் பறித்திருக்கின்றனர். ஆதலின் குறியீடு ஒட்டுத்தாளாக இராது, பெட்டியின் திரையிலே ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோன்றவேண்டும்.

பிற நாடுகள் செய்யாததை நாம் கேட்கவில்லை. கலிபோர்னியா 2013இலேயே, உறுப்பினராகச் சேர்ந்தாலன்றி மின்னேற்ற விடோம் என்பதைச் சட்டத்தாற் தடுத்தது. பிரித்தானியாவின் 2023ஆம் ஆண்டுப் பொது மின்னேற்றி ஒழுங்குவிதிகளின்படி, 8 கிலோவாற்றும் அதற்கு மேலுமான புதிய பொதுப் பெட்டிகளிலும், 50 கிலோவாற்றும் அதற்கு மேலுமான பழையவற்றிலும், அட்டையைத் தொட்டுப் பணம் செலுத்தும் வசதி 2024 நவம்பர் 24 முதல் கட்டாயம். விலை அலகுக்கு இத்தனை பென்சு என்று காட்டப்படவேண்டும். இருபத்துநான்கு மணிநேர இலவசத் தொலைபேசி உதவியும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமோ 2024 ஏப்ரல் 13 முதல் நிறுவப்படும் 50 கிலோவாற்றும் அதற்கு மேலுமான பெட்டிகளில் அட்டைக் கருவியைக் கட்டாயமாக்கி, சிறியவற்றுக்குக் கியூஆர் வழியை அனுமதித்தது. அங்கும் கொம்பனிகள் செலவென்று அழுதன. அழுதபின் பொருத்தின.

இங்கு அனுமதி கொடுப்போர் எழுதவேண்டியது நீண்ட சாசனமன்று. உறுப்பினராகாதவனும் வங்கி அட்டையாலோ லங்காகியூஆர் வழியாகவோ பணம் செலுத்த இடமிருத்தல் வேண்டும். முற்பணப் பணப்பை விரும்பியவனுக்கு மட்டும். விலகும்போது மீதி முழுதும் ஏழு நாளில் மீளவேண்டும். தடுத்துவைக்கும் தொகையும் அலகு விலையும் செருகியைத் தொடுமுன்னரே திரையில் தெரியவேண்டும். அலகுக்கே விலை, ஏற்றி முடிந்தபின் இடத்தை அடைத்து நிற்பவனிடம் மட்டும் நேரக் கட்டணம் வாங்கட்டும், அதில் நமக்குச் சண்டையில்லை. ஏற்றாத மின்சாரத்துக்குப் பிடித்த பணம் கேளாமலே திரும்பவேண்டும். திரையும் தொலைபேசியும் தமிழிலும் பேசவேண்டும். 1987ஆம் ஆண்டுமுதல் அரசியலமைப்பிலே அரச கரும மொழியாக நிற்கும் மொழி, அரசின் அனுமதியோடு நடக்கும் ஒரு பெட்டியின் வாயில் வராதிருப்பது எந்த நியாயம்?

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்கட்டணத்தைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் வழக்கமுடையது. அடுத்த முறை கேட்கும்போது வடக்கிலிருந்து இதைப்பற்றி ஒரு கடிதமும் போகாதிருத்தல் ஆகாது. பணம் பிடிக்கப்பட்டும் மின்சாரம் கிடைக்காதவர்கள் வங்கிக் குறுஞ்செய்தியையும், செயலியின் திரைப் படத்தையும், நாளையும் நேரத்தையும், நிலையம் இருந்த இடத்தையும் ஒரு தாளில் எழுதி எமது காரியாலயத்துக்கு அனுப்புக. அவற்றைத் தொகுத்து, சத்தியக் கடதாசிகளோடு ஆணைக்குழுவின் முன் வைக்கும் வேலையை ஊதியமின்றிச் செய்ய நாமும் நமது சகபாடிகள் சிலரும் ஆயத்தமாக இருக்கின்றோம்.