பெயரும் ஒரு சொத்துதான்

வீட்டுக்குப் பத்திரம் உண்டு. நிலத்துக்குப் பட்டா உண்டு. பொருளின் பெயருக்கு? பல வியாபாரிகள் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

ஆனால் வியாபாரத்துக்கு உயிர் பெயர்தான். "அந்தப் பெயர் போட்ட ஊறுகாயைக் கொடுங்கள்" என்று தாய்மார்கள் கடையில் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்தது அல்ல. பல ஆண்டு உழைப்பில் வந்தது. அதே மாதிரிப் பெயரை இன்னொருவர் வைத்துக்கொண்டால், உழைப்பு ஒருவருடையது, லாபம் இன்னொருவருக்கு!

இதற்கு ஒரு பழைய வழக்கே சாட்சி.

அமிர்ததாரா வழக்கு

லாகூரில் 1903-ம் ஆண்டு முதல் "அமிர்ததாரா" என்ற மருந்து விற்பனை ஆயிற்று. தலைவலி, வயிற்றுப்போக்கு முதலியவற்றுக்கு அதைச் சாப்பிட்டார்கள். தேசப் பிரிவினைக்குப் பிறகு கம்பெனி டேராடூனுக்கு வந்தது.

கான்பூரில் ஒரு வியாபாரி 1923-ம் ஆண்டு முதல் "லட்சுமண்தாரா" என்ற மருந்தை விற்றுவந்தார். அதே நோய்களுக்கு மருந்து. விலையும் ஏறக்குறைய அதே விலை. 1950-ல் அந்தப் பெயரைப் பதிவு செய்ய அவர் மனுப்போட்டார். அமிர்ததாரா கம்பெனி எதிர்த்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று.

1962-ல் தீர்ப்பு வந்தது. "அமிர்தம் வேறு, லட்சுமணன் வேறு" என்று சொல்லைப் பிரித்து அர்த்தம் பார்த்துக்கொண்டா ஜனங்கள் மருந்து வாங்குகிறார்கள்? சாதாரண மனிதருக்குப் பெயர் அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். முழுப் பெயரையும் கேட்டால் ஏமாந்துவிடுவார். சுப்ரீம் கோர்ட்டு இப்படித்தான் பார்த்தது. இரண்டு பெயர்களும் குழப்பம் தரும் என்று முடிவு செய்தது.

அப்படியானால் அமிர்ததாராவுக்கு முழு வெற்றியா? இல்லை!

லட்சுமண்தாரா விற்பனையாவது அந்தக் கம்பெனிக்குத் தெரியும். தெரிந்தும் பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டது. ஆகவே உத்தரபிரதேசத்துக்குள் மட்டும் விற்கலாம் என்ற நிபந்தனையுடன் லட்சுமண்தாராவையும் பதிவு செய்ய கோர்ட்டு அனுமதித்தது. உரிமை இருந்தும் வாய் திறக்காததால் வந்த நஷ்டம் இது.

இன்றைய சட்டம்

1999-ம் ஆண்டு டிரேட் மார்க் சட்டம் 2003-ல் அமலுக்கு வந்தது. பெயர், சின்னம், முத்திரை எல்லாவற்றையும் பதிவு செய்யலாம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். சென்னையிலேயே பதிவு அலுவலகம் இருக்கிறது. தனி நபர்களும் சிறு தொழில் செய்கிறவர்களும் இணையம் வழியாக மனுச் செய்தால், ஒரு வகைப் பொருளுக்குக் கட்டணம் 4,500 ரூபாய். 2017-ம் ஆண்டு விதி இது.

பதிவு செய்யாதவர்களும் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தப் பெயருக்குத் தமக்கு மதிப்பு உண்டு என்பதை அவர்களே நிரூபிக்க வேண்டும். பழைய பில், விளம்பரம், கணக்கு எல்லாவற்றையும் தேடி அலைய வேண்டும். பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால் பாதிச் சுமை குறையும்.

பதிவு செய்தால் மட்டும் போதுமா? போதாது. புதிதாகப் பதிவுக்கு வரும் பெயர்களை அரசு தன் இதழில் வெளியிடுகிறது. ஆட்சேபம் சொல்ல 4 மாதம் அவகாசம் உண்டு. நம் பெயர் போன்ற பெயரை இன்னொருவர் நல்லெண்ணத்துடன் பதிவு செய்து விற்றுவர, தெரிந்தும் 5 ஆண்டு தொடர்ந்து சும்மா இருந்தால், பிறகு அந்தப் பதிவை எதிர்க்க முடியாது என்று சட்டமே சொல்கிறது.

இது வியாபாரிகளின் பணப்பிரச்சினை மட்டும் அல்ல. குழந்தைக்கு மருந்து வாங்குகிற தாய் ஏமாறக்கூடாது. சமையலுக்கு எண்ணெய் வாங்குகிற குடும்பம் ஏமாறக்கூடாது. பெயரைக் காப்பது வாங்குகிறவர்களையும் காப்பதாகும்.

ஆகவே, சிறு தொழில் செய்வோரே! பலகை எழுதும் முன்பே பெயரைப் பதிவு செய்ய மனுப்போடுங்கள். போலி தலைகாட்டினால் உடனே ஆட்சேபம் சொல்லுங்கள். சொத்து இருந்தால் மட்டும் போதாது, காவலும் வேண்டும்!