கொதிக்கும் சாறும் கண்ணாடிக் குடுவையும்

1963-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், வீட்டு உபயோகத்துக்கு லைசென்ஸின்றிப் பீர் வடித்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் அனுமதித்த நாள் முதல், மால்ட் சாற்றை ஹாப் பூக்களோடு கொதிக்க வைக்கும் உற்சாகத்துக்கு அங்கே குறைவில்லை. பாத்திரம் கழுவுவதில்தான் சிரத்தை போதாது என்பது என் அபிப்பிராயம். அடுப்பிலிருந்து இறக்கிய சாற்றை அப்படியே கண்ணாடிக் குடுவையில் ஊற்றினால், உஷ்ணம் தாங்காமல் அதன் அடிப்பாகம் ‘டக்’கென்று விரிந்து, ஒரு நாளைய உழைப்பு முழுவதும் தரையில் பிசுபிசுத்து ஓடும். அதுகூடப் போகட்டும். கொதியில் கிருமிகள் மாண்டுவிடுகின்றன. அபாயம் தொடங்குவதோ, சாறு ஏறக்குறைய 20 டிகிரிக்கு ஆறி, ஈஸ்டை எதிர்பார்த்து நிற்கும் வேளையில், ரப்பர்க் குழாயின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பழைய கசடு ரூபத்தில். பீரைப் பீடிக்கும் வியாதிகளை ஆராய்ந்து லூயி பாஸ்டர் 1876-இல் ஒரு முழு நூலே எழுதினார். குழாய் கழுவச் சலிப்பவர்கள் அதன் தடிமனையாவது பார்க்கலாம்.