வீட்டுக் கணக்கு: பெயருக்கு யார் விலை கொடுப்பார்?



"அம்மா, இணையத்தில் நல்ல பெயராகப் பார்த்து அறுபது வெள்ளிக்குப் பதிந்து வைத்தால் போதும். பின்னால் கம்பெனிக்காரன் தேடி வந்து ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவான்." லோபாக்கிலோ லாபுவிலோ உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிச் சொல்லிக் காசு கேட்டால், எடுத்த எடுப்பில் ஏசிவிடாதீர்கள். அவன் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2019-ஆம் ஆண்டில் வாய்ஸ்.காம் என்னும் ஒற்றைப் பெயர் மூன்று கோடி அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. ஆனால் விற்றவர் யார் தெரியுமா? மைக்ரோஸ்ட்ராடஜி என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனி. அப்படிப்பட்ட நல்ல சொற்களெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகிவிட்டன. இன்றைக்கு டாட் காம் பெயர்கள் மட்டுமே 15 கோடிக்கு மேல் இருக்கின்றன. நம் பிள்ளைக்குக் கிடைப்பது மற்றவர்கள் பார்த்து வேண்டாமென்று விட்டுப் போனது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெயரை அவன் சொந்தமாக வாங்கவில்லை, வாடகைக்கு எடுக்கிறான். வருடா வருடம் காசு கட்டவேண்டும். கட்டத் தவறினால் பெயர் போய்விடும். முதல் வருடம் மலிவு விலை காட்டி, மறு வருடம் கூட்டி வாங்கும் கடைகளும் உண்டு.

துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போன காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். அந்த வேளையில்தான், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். அந்த நிலத்தை வாங்க ஆள் வராவிட்டால்தான் என்ன? காலையில் மரம் சீவினால் பால் வந்தது. இணையப் பெயர் விற்காமல் கிடந்தால் என்ன வரும்? அடுத்த வருடத்துப் பில்தான் வரும்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். நூறு பெயர், ஒன்றுக்கு 60 வெள்ளி. ஆக 6,000 வெள்ளி. வருடத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு விற்றாலே நல்ல விற்பனை என்று இந்தத் தொழிலில் பழகியவர்களே சொல்கிறார்கள். இரண்டு விற்றதாகவும், ஒவ்வொன்றும் 2,000 வெள்ளிக்குப் போனதாகவும் வைத்துக்கொள்வோம். வந்தது 4,000. விற்றுக்கொடுத்த சந்தைக்காரர் இருபது விழுக்காடு எடுத்தால் மிச்சம் 3,200. நட்டம் 2,800 வெள்ளி. அதோடு தீர்ந்ததா? மீதமிருக்கும் 98 பெயர்களுக்கு மறு வருடம் 5,880 வெள்ளி கட்டவேண்டும். கூட்டுப் பணத்தை முதலில் எடுத்து இதில் போட்டவன் கதி என்னவாகும், நீங்களே சொல்லுங்கள்.

"பெரிய கம்பெனியின் பெயரையே பதிந்து வைத்தால்?" என்று சில கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு 1999-லேயே உலக அளவில் விதி வந்துவிட்டது. வணிகக்குறி உடையவரிடமே இலாபத்துக்கு விற்க நினைத்துப் பதிந்தால், அது கெட்ட எண்ணத்துக்குச் சாட்சி. பெயரைப் பிடுங்கி உரியவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து நிறுவனத்துக்கு மட்டும் 2024-இல் இத்தகைய வழக்குகள் 6,000-க்கு மேல் போயின. நம் டாட் எம்ஒய் பெயர்களுக்கும் வழக்குத் தீர்க்கும் விதி இருக்கிறது. அதற்குக் கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையத்துக்குப் போகவேண்டும்.

டில்லி இளைஞர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். ஹாட்ஸ்டாரும் ஜியோவும் ஒருநாள் சேரும் என்று 2023-லேயே ஊகித்து ஜியோஹாட்ஸ்டார்.காம் என்ற பெயரைப் பதிந்து வைத்தார். கேம்பிரிட்ஜில் படிக்கச் செலவுக்குப் பணம் தந்தால் பெயரைத் தருகிறேன் என்று 2024 அக்டோபரில் ரிலையன்ஸுக்குக் கடிதம் எழுதினார். கேட்டது 93,345 பவுன், ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். கம்பெனி மறுத்துவிட்டது. அத்தனை பெரிய நிறுவனத்தோடு மல்லுக்கு நிற்கத் தமக்குச் சக்தியில்லை என்றார் அவர். பிறகு பெயர் துபாயில் உள்ள இரண்டு சிறு பிள்ளைகள் கைக்குப் போனது. அவர்கள் அதை இலவசமாகவே தருகிறோம் என்றார்கள்! 2025 பிப்ரவரியில் அந்த இரண்டும் சேர்ந்து, அதே ஜியோஹாட்ஸ்டார் என்ற பெயரில் சேவை தொடங்கியது. பிள்ளையின் ஊகம் அச்சாகப் பலித்தது. கேட்ட பணம்தான் கம்பெனியிடமிருந்து வரவில்லை.

உங்கள் வீட்டில் முறுக்குச் சுட்டு விற்கிறீர்களா, பூமாலை கட்டுகிறீர்களா? உங்கள் வியாபாரத்துக்கென்று ஒரே ஒரு பெயரைப் பதிந்துகொள்வதில் தவறில்லை. அறுபது வெள்ளிக்கு அது நல்ல பெயர்ப்பலகை. கட்டவேண்டிய தேதியை மட்டும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

பிள்ளை ஏற்கெனவே வாங்கிக் குவித்துவிட்டானென்றால், பெரும்பாலானவற்றைப் புதுப்பிக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள். ஒரு நாள் அவனுக்கு மின்னஞ்சல் வரலாம்: "உன் பெயரை இருபதாயிரம் டாலருக்கு வாங்க ஆள் இருக்கிறது. முதலில் மதிப்பீட்டுச் சான்றிதழ் எடுத்து அனுப்பு, இந்த இடத்தில் கட்டணம் கட்டு." இது பழைய ஏமாற்று. கட்டணம் போன கையோடு வாங்க வந்தவரும் காணாமல் போவார். பணம் கட்டிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல், உடனே 997-க்குப் போன் பண்ணுங்கள்.