கல்லோடு ஒரு சீட்டும் இருக்கட்டும்

பணி ஓய்வுக்குப் பிறகு ஆளுக்கொரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. எனக்குக் கல் சேர்ப்பது. வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்ததும் "இது என்ன விலை போகும்?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி "இது எந்த ஊர்க் கல்?" என்பது என் கட்சி.

பெரில் என்ற கனிமத்தையே எடுத்துக்கொள்வோம். பெரிலியம், அலுமினியம், சிலிக்கா மூன்றும் சேர்ந்த படிகம். ஆறு பட்டைப் பென்சில் போல வளரும். தூய்மையாக இருந்தால் நிறம் கிடையாது. இரும்பு கொஞ்சம் கலந்தால் கடல் நிறம். அதை அக்வாமரின் என்பார்கள். குரோமியம் கலந்தால் மரகதம்.

நம் கல்வராயன் மலையில் பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைஸ் பாறையும்தான். பெரிலுக்குப் பேர்போனது கொங்கு நாடு. காங்கேயம் பக்கத்துப் படியூரில் 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சுரங்கம் வைத்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்ததாகப் பழைய நிலவியல் நூல்களில் பதிவு இருக்கிறது. ரோமானிய அறிஞர் பிளினியோ முதல் நூற்றாண்டிலேயே, பெரில் இந்தியாவில் விளைவது, வேறெங்கும் அரிது என்று எழுதிவிட்டார்.

நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அகழாய்வு செய்தது. பெரில், நீலக்கல், பளிங்கு ஆகியவற்றில் செய்த மணிகளும், பாதி வேலையில் நின்றுபோன கற்களும் கிடைத்தன. சந்தையில் வைத்தால் அந்த உடைசலுக்குப் பெரிய விலை கிடைக்காது. ஆனால் எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்ததால், இங்கேயே மணி செய்யும் தொழில் நடந்தது என்பதற்கு அவை சாட்சி ஆயின. மோதிரத்தில் ஏறிய கல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிறந்த ஊரைக் கேட்டால் அது வாய் திறக்காது.

"கல்லைப் பொறுக்குவதே தப்பு, மலையைச் சுரண்டுகிற வேலை" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. காப்புக்காட்டில் ஒரு கல்லையும் தொடக் கூடாது, சட்டப்படி குற்றம். பட்டா நிலம் என்றால் உரியவரிடம் கேட்டு, வெளியே கொட்டிக் கிடக்கிற கல்லில் ஒன்றிரண்டு எடுத்தால் போதும். கைவிட்ட குழிக்குள் எந்த வயதிலும் இறங்க வேண்டாம். பக்கச் சுவர் சொல்லிக்கொண்டு சரியாது. பெரிலை வீட்டில் அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். கையில் வைத்திருந்தால் தீங்கில்லை, அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. 2023 வரை அணுக் கனிமப் பட்டியலில் இருந்த பொருள் இது. தோண்டுவதும் விற்பதும் நம் வேலை அல்ல.

நம் வேலை எழுதி வைப்பது. கல்லின் அடியில் ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ட், அதன்மேல் மையால் ஓர் எண். நோட்டில் அதே எண்ணுக்கு நேராக ஊர், எடுத்த நாள், கொடுத்தவர், பக்கத்தில் இருந்த பாறை. மலை ஊர்ப் பெரியவர்கள் அந்தக் கல்லுக்கு ஒரு பெயர் வைத்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பெயர்கள் புத்தகத்தில் கிடைக்காது.

நம் வயதுக்காரர்கள் வீட்டு மேசை அறைகளில் சுரங்க வேலை, சர்வே வேலை, ஆசிரியர் வேலைக் காலத்தில் கைக்கு வந்த கற்கள் கிடக்கின்றன. கதை நமக்கு மட்டும்தான் தெரியும். நமக்குப் பிறகு பிள்ளைகள் வீட்டைச் சுத்தம் செய்யும்போது அவை தென்னை மரத்தடிக்குப் போகும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சீட்டு இல்லாத கல் வெறும் கல்தானே?

நினைவு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். பிறகு பக்கத்து அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஒருவரைப் பார்த்து, கல்லையும் நோட்டையும் சேர்த்தே கொடுங்கள். கல்லை மட்டும் கொடுத்தால் பாதி கொடுத்ததாகத்தான் கணக்கு.