பனை ஏற ஆள் எங்கே?

சுட்டிகளே, திருச்செந்தூர் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்தின் செம்மண் தேரிகளில் பனைமரங்களைப் பார்க்கலாம். நம் மாநில மரம் பனைதான். உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கூட கிடைத்தது. மரங்கள்தான் குறைந்துகொண்டே வருகின்றன.

இடி விழுந்து கருகியவை கொஞ்சம். செங்கல் சூளைக்கு விறகாகப் போனவை ஏராளம். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. 30 மாவட்டங்களுக்கு 76 லட்சம் பனை விதைகள் தரும் திட்டமும் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால், சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பதநீர் வேண்டுமென்றால் தினமும் மரம் ஏறிப் பாளை சீவ வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். கால் வழுக்கினால் உயிருக்கே ஆபத்து! அதனால் பனையேறிகளின் பிள்ளைகள் பலர் துறைமுகத்துக்கோ, வெளியூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஏற ஆளில்லாத மரத்தால் சொந்தக்காரருக்கு வருமானம் இல்லை. சூளைக்கு விலை பேசினால் கொடுத்துவிடுகிறார்.

விதை போட்ட பனை பதநீர் தர சுமார் 15 வருடம் ஆகும். இந்த வருடம் நட்டால், பத்து வயதுச் சுட்டிக்கு அப்போது இருபத்தைந்து. பாதுகாப்பாக ஏற நல்ல கருவியும், பதநீருக்குக் கட்டுப்படியாகும் விலையும் அதற்குள் வந்தால்தான் அந்த மரத்தில் ஏற ஆள் கிடைக்கும்.