செய்தி தானாக வந்து சேராது

முக்கியமான செய்தி என்றால் எப்படியும் நம் காதுக்கு வந்துவிடும் என்று மலேசியாவின் கேமரன் மலை ஊர்களான ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் நம்புகிறார்கள். கோலாலம்பூரிலும் சென்னையிலும் அப்படியே நம்புகிறார்கள். முகநூல் இருக்கிறது, வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் குடும்பத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று எனக் குழுக்கள் இருக்கின்றன, தனியாக எதற்குத் தேட வேண்டும் என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது நேரடியாக நட்டம் தரும் தவறும்கூட.

2013 அக்டோபர் 23 பின்னிரவில், பெருமழைக்குப் பிறகு அங்குள்ள சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. அணைக்குக் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் நீரும் வீடுகளுக்குள் புகுந்தன. வாகனங்கள் புரண்டன, உயிர்கள் போயின. படங்கள் உடனே நாடெங்கும் பரவின. ஆனால் அந்த வெள்ளம் ஒரே இரவில் உருவானதா? 1960களில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணை அது. மேலே சரிவுகளில் காட்டை அழித்துக் காய்கறித் தோட்டங்கள் போடப் போட, மழைக்கு மழை மண் கரைந்து வந்து அந்த அணையின் ரிங்லெட் ஏரியில் படிந்தது. ஏரி நீரைத் தாங்கும் அளவு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள், நாளிதழ்களிலும் வந்தது. ஆனால் ஏரியில் இந்த ஆண்டு எவ்வளவு வண்டல் சேர்ந்தது என்ற செய்தியை எந்தக் குடும்பக் குழுவில் யார் அனுப்புவார்கள்?

நள்ளிரவில் ஆட்களை எழுப்ப அபாயச் சங்குதான் வேண்டும். வேறெதுவும் அந்த வேலையைச் செய்யாது. அந்த இரவுக்கு முந்தைய ஆண்டுகளில் கேள்வி கேட்டிருக்க வேண்டுமென்றால், அதற்கு விடாமல் படித்து வந்தவர்கள் வேண்டும். மெல்ல நகரும் செய்தி பகிர்வில் ஏறாது.

சம்பள விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவில் 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளுக்கு மட்டும் ஆகஸ்ட் 1 வரை தவணை கிடைத்தது. மாதச் சம்பளமாக இல்லாமல் எடைக்கோ எண்ணிக்கைக்கோ கூலி வாங்குபவரின் மாத வருமானமும் இந்தத் தொகைக்குக் கீழே போகக் கூடாது என்கிறது குறைந்தபட்சச் சம்பள ஆணை. கொழுந்தெடுத்து எடைக்குக் கூலி வாங்குபவருக்கு முக்கியமான வரி இதுதான். புலனத்தில் சுற்றும் வண்ணப் படத்தில் '1,700' என்ற எண் பெரிதாக இருக்கும். இந்த வரிக்கு அங்கே இடம் இருக்காது.

செய்தி தன்னைத் தேடி வரும் என்று நம்புவோரைப் பற்றி ஹோமெரோ கில் தே சூனிகாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஒரே ஆட்களிடம் இரண்டு முறை கேட்டு எழுதியது. அப்படி நம்பியவர்களுக்குக் காலப்போக்கில் அரசியல் அறிவு குறைவாக இருந்தது. மரபான செய்தி ஊடகங்களையும் அவர்கள் குறைவாகவே நாடினார்கள். தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பே தேடும் பழக்கத்தைக் கெடுத்துவிடுகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023 ஆகஸ்டில் மெட்டா நிறுவனம் கனடாவில் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி இணைப்புகளை முடக்கியது. அரசின் புதிய சட்டத்தோடு அதற்கு மோதல். அதே மாதம் அந்நாட்டில் காட்டுத்தீக்குப் பயந்து யெல்லோநைஃப் நகரமே காலியானது. ஊரை விட்டுப் புறப்பட்ட மக்களால் உள்ளூர்ச் செய்தி இணைப்புகளை முகநூலில் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. ஒரே வாசலை நம்பியிருந்தால், அதை மூடும் உரிமை வாசல்காரரிடம் இருக்கும்.

மாற்றுவழி புதிதல்ல. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் டான் லிபியும் சென்னை ஐஐடியில் படித்த ராமநாதன் குஹாவும் உருவாக்கியது ஆர்எஸ்எஸ் என்னும் செய்தியோடை. ஒரு தளத்தின் ஓடையைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது எளிய எழுத்துக் கோப்பு: தலைப்பு, சுட்டி, தேதி, இரண்டு வரிச் சுருக்கம், அதன் கீழே அடுத்த தலைப்பு. ஃபீட்லி, இனோரீடர் போன்ற செயலி ஒன்று அந்தக் கோப்பை அவ்வப்போது பார்த்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்து வைக்கும். எந்தத் தளங்கள் வேண்டும் என்பதைப் படிப்பவரே முடிவு செய்கிறார். யார் எத்தனை விருப்பம் போட்டார்கள் என்பது அங்கே கணக்கில் வராது. வேர்ட்பிரஸ்ஸில் இயங்கும் தளங்களுக்கு ஓடை தானாகவே உண்டு. பிபிசி தமிழுக்கும் இருக்கிறது.

கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டதோடு இதெல்லாம் முடிந்துவிட்டது என்பார்கள். மூடப்பட்டது ஒரு நிறுவனத்தின் செயலி மட்டுமே. பாட்காஸ்ட் கேட்பவர்களில் பலர், பெயர் தெரியாமலேயே இன்றும் ஆர்எஸ்எஸ் வழியாகத்தான் கேட்கிறார்கள். 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியும் ஓடைகளை வைத்தே உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் கூட்டியது. முகநூல் பெருகுவதற்கு முன்பே தமிழர்கள் நன்றாகப் பழகியிருந்த கருவி இது.

நாமே தேர்ந்தெடுத்தால் நமக்குப் பிடித்ததை மட்டுமே படிப்போமே என்பது நியாயமான கேள்வி. படிக்கலாம்தான். ஆனால் அந்தப் பட்டியல் கண்முன்னே இருக்கிறது. அதில் தொழிற்சங்கத்தின் பக்கம் இல்லை, சுற்றுச்சூழல் செய்தி இல்லை என்று பார்த்தவுடன் தெரியும், சேர்த்துக்கொள்ளலாம். முகநூல் எதை மறைத்தது என்பதை யாராலும் பார்க்க முடியாது.

மலேசியத் தமிழருக்கு இது இன்னும் அவசரம். 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. தோட்டத்தில் ஒருவர் நாளிதழை வாங்கி வாசிக்கப் பலர் கூடிக் கேட்ட காலத்திலாவது, தலையங்கம் முதல் சம்பளச் செய்தி வரை முழுத்தாளும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தது. இன்று வருவது யாரோ கத்தரித்த துண்டு. மிச்சமிருக்கும் தமிழ் நாளிதழ்கள் ஒவ்வொன்றும் தத்தம் தளத்தில் ஓடையைத் திறந்து, அதன் சுட்டியை முதற்பக்கத்திலேயே போட வேண்டும். அறிவிப்பை முகநூல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் அரசு அலுவலகங்கள், அணை, சாலை, நிலச்சரிவு பற்றிய ஒவ்வொரு தகவலையும் கணக்கே இல்லாதவரும் பெறும்படி ஓடையாகவும் வெளியிட வேண்டும். தமிழ்ப்பள்ளிக் கணினி வகுப்பில் ஒரே ஒரு பாடவேளை ஒதுக்கினால், ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களே வீட்டில் அம்மாவின் கைப்பேசியில் பத்துத் தளங்களைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள்.